தூண்டிற் புலவர் ஐசக் வால்ட்டன்

மன்னர் வரலாறும் மறவர் வரலாறும் படிப்போர்க்கு வியப்பை விளைப்பன. ஆயின், முடி புனையாமலும் வாள் ஏந்தாமலும், பல்கலைக் கழகத்தில் ஒரு நாளேனும் பயிலாமலும், கையில் ஒரு தூண்டிலுடன் ஆற்றங்கரையில் நின்ற வணிகர் ஒருவரின் பெயர், முந்நூற்றெழுபது ஆண்டுகட்கு மேலாக மங்காது விளங்குகின்றதெனின், அதன் காரணத்தை ஆராய்தல் மாணவராகிய நமக்குப் பெரும்பயன் தருவதாகும். அவ்வணிகரே, 'முற்றத் தேர்ந்த தூண்டிற்காரர்' எனப் பொருள்படும் 'தி கம்ப்ளீட் ஆங்க்ளர்' என்னும் ஆங்கில நூலை யாத்த ஐசக் வால்ட்டன் ஆவார்.

தூண்டிலின் கழியைக் கோல் என்றும், அதன் கயிற்றை நாண் என்றும் கூறுதல் நம் சங்கச் செய்யுளுட் காணும் வழக்காகும். அச்சொற்களையே ஈண்டும் ஆள்வோம். கோலுக்கு ஏற்ற நாண், நாணுக்கு ஏற்ற முள், இவையனைத்திற்கும் ஏற்ற கை என ஒன்றன் எடையை மற்றொன்றன் வலிமையோடு ஒப்பிட்டு இயைத்தலே தூண்டிற் கலையின் உயிர்நிலையாம். வால்ட்டனார் அக்கலையைக் கற்பித்தார். அதனினும் மேலாக, அவ்வியைபு தம் வாழ்விலும் விளங்க வாழ்ந்தார். இதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஸ்டாஃபோர்டு என்னும் ஊரில் 1593-ஆம் ஆண்டில் வால்ட்டனார் தோன்றினார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். தந்தையார் ஜெர்வாஸ் என்பவர், மகனுக்கு நான்கு வயது நிரம்புமுன்னரே 1597-இல் இறந்தார். தாயார் பின்னர் மறுமணம் புரிந்தனர். செல்வமோ உயர்குடிப் பெருமையோ அவருக்குத் துணை நிற்கவில்லை. இளமையிலேயே இலண்டன் மாநகர் சேர்ந்து, தொழில் பயிலும் சிறுவராக அமர்ந்தார். 1618-இல் இரும்பு வாணிகர் சங்கத்தில் உரிமை பெற்ற உறுப்பினராயினார். எனினும் அவர் செய்த வாணிகம் துணி வாணிகமென்பர். நகரின் சங்கங்களுள் ஒன்றன் பெயரைத் தாங்கி வேறொரு தொழில் செய்தல் அக்காலத்து இயல்பே.

கல்லூரிக் கல்வி இல்லாத அவ்விளைஞர் கற்றாரைக் கண்டவிடத்து நாணி ஒதுங்கவில்லை, தருக்கி நெருங்கவுமில்லை. கேட்டறியும் விருப்புடன் அணுகினார். அவர்தம் பெருங்கல்வி அவ்வாறு கேட்டு வந்த கல்வியே.

நகர வாழ்வும் நட்பும்

அவர் வாழ்ந்த ஃப்ளீட் வீதியின் பக்கத்தே புனித டன்ஸ்டன் ஆலயம் இருந்தது. 1624-இல் அவ்வாலயத்தின் குருவாக வந்தவர் ஜான் டன் என்னும் பெருங்கவிஞர். அவரது பிரசங்கத்தைக் கேட்க அரசவையினரும் திரள்வர். அத்தகைய பேரறிஞர்க்கும் துணி வணிகராகிய வால்ட்டனார்க்கும் இடையே உண்டான அன்பு 1631-இல் டன் இறக்குமளவும் நீடித்தது. ஈட்டன் கல்லூரித் தலைவராக விளங்கிய ஸர் ஹென்றி வாட்டன் என்பாரும் அவர்க்கு நண்பரானார். வெனிஸ் நகரத்தில் நெடுங்காலம் அரச தூதராயிருந்த அம்முதியவர்க்கும் தூண்டிலில் தணியாத விருப்பமுண்டு.

டன் இறந்தபின் அவருடைய வரலாற்றை எழுதுவதாக வாட்டன் ஏற்றுக்கொண்டார். அதற்கு வேண்டும் செய்திகளைத் திரட்டித் தரும் பணி வால்ட்டனாருடையதாயிற்று. 1639-இல் வாட்டன் வரலாற்றை எழுதாமலே உயிர் நீத்தார். டன்னின் பிரசங்கங்கள் அச்சேறும் வேளை அணுகிற்று. முன்னுரையாக நிற்கவேண்டிய வரலாறோ இல்லை. ஆகவே, பிறர்க்குக் குறிப்புச் சேர்த்த வணிகர் தாமே எழுதுகோலை ஏந்தினார். 1640-இல் வெளிவந்த அச்சரித்திரமே அவரது முதல் நூல். பின்னர் வாட்டன், ஹூக்கர், ஜார்ஜ் ஹெர்பர்ட், ஸாண்டர்ஸன் என்னும் நால்வர் வரலாறுகளையும் அவர் எழுதினார். ஆங்கிலத்தில் வாழ்க்கை வரலாறு ஓர் இலக்கிய வகையாக மலர்ந்தமைக்கு இவ்வைந்தும் பெரிதும் துணை செய்தன.

துயரும் கலகமும்

வெளியே புகழ் அரும்பிய அக்காலத்து இல்லத்தினுள் இருள் சூழ்ந்தது. 1626-இல் அவர் ரேச்சல் ஃப்ளட் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் பிரதான அத்தியட்சர் கிரான்மரின் குடிவழியில் உறவுடையவர். அவர்கட்கு ஏழு மக்கள் பிறந்தனர். எழுவரும் சிறு பருவத்திலேயே ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். 1640-இல் ரேச்சல் அம்மையாரும் இறந்தனர். டன்னின் வரலாறு வெளிவந்ததும் அதே ஆண்டென்பது நினைக்கத்தக்கது. எழுவரை அடக்கம் செய்த தந்தையின் உள்ளம் எவ்வாறிருக்குமென்பதை நாம் எழுதிக் காட்டல் இயலாது. வால்ட்டனாரும் அதனைத் தம் நூல்களில் விரித்துரைத்தாரல்லர்.

1642-இல் மன்னர்க்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. 1649-இல் மன்னர் முதலாம் சார்ல்ஸ் தலை துணிக்கப்பட்டார். வால்ட்டனார் மன்னர் பக்கத்தினர். அவருடைய குருமார் நண்பர் பலர் பதவியும் வீடும் இழந்தனர். 1651 செப்டம்பர்த் திங்களில் வூஸ்டர்ப் போரில் இளவரசர் சார்ல்ஸ் தோற்றோடினபோது, அவர்க்குரிய ஜார்ஜ் பதக்கம் என்னும் மணி பதித்த அணி பின்தங்கிவிட்டது. ஸ்டாஃபோர்டில் மறைத்து வைக்கப்பட்ட அதனை இலண்டனுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை, ஐம்பத்தெட்டு வயதினரான வால்ட்டனார் ஏற்றார். பகைவர் கையில் அகப்படின் உயிர்க்கே இறுதியாம் அச்செயலை அமைதியாகச் செய்து முடித்தார். ஆற்றங்கரையில் வாளா இருந்து பொழுது போக்கிய கோழை என அவரை இகழ்வார் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

1647-ஆம் ஆண்டளவில் ஆன் கென் என்பாரை அவர் மறுமணம் செய்திருந்தார். ஆலயங்களில் இன்றும் பாடப்பெறும் காலை மாலைக் கீதங்களை இயற்றிய அத்தியட்சர் தாமஸ் கென், இவ்வம்மையார்க்கு வேற்றுத்தாய் வயிற்றுத் தம்பியாவார். இம்மனைவியார் வயிற்றுப் பிறந்த மக்களுள் ஆன் என்னும் மகளும் ஐசக் என்னும் மகனும் நிலைத்து வாழ்ந்தனர்.

நூலின் தோற்றம்

நாடு இவ்வாறு பிளவுபட்டிருந்த 1653-இல் 'முற்றத் தேர்ந்த தூண்டிற்காரர்' வெளிவந்தது. அதன் விலை ஒன்றரை ஷில்லிங். புனித டன்ஸ்டன் ஆலயத்தை அடுத்திருந்த ரிச்சர்டு மாரியட் என்னும் நூல் வாணிகர் அதனை வெளியிட்டார். முதற் பதிப்பில் 13 அதிகாரங்களே இருந்தன. ஆசிரியர் அதனை விடாது திருத்தியும் பெருக்கியும் வந்தார். 1655, 1661, 1668, 1676 என அவர் வாழ்நாளில் ஐந்து பதிப்புகள் தோன்றின. ஐந்தாம் பதிப்பில் அதிகாரங்கள் 21 ஆயின. இதுகாறும் அது நானூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகளாக வெளிவந்துள்ளது.

நூல் உரையாடலாக அமைந்தது. மே மாதத்துக் காலைப்பொழுதில், மீன் பிடிப்போன், வேட்டைக்காரன், பறவை பிடிப்போன் ஆகிய மூவர் இலண்டனுக்கு வடக்கே செல்லும் பெருவழியில் சந்திக்கின்றனர். தத்தம் தொழிலே சிறந்ததென ஒவ்வொருவனும் வாதிக்கின்றான். முடிவில் வேட்டைக்காரன் மீன் பிடிப்போனுக்கு மாணவனாகி, லீ ஆற்றங்கரையில் அவனோடு சில நாட்கள் தங்கிக் கலையைக் கற்கின்றான். இடையிடையே மழைக்கு ஒதுங்கும் வேலி நிழல், பால் கறக்கும் பெண்ணின் பாட்டு, நறுமணம் கமழும் படுக்கை விரித்த சிறு விடுதி என இனிய காட்சிகள் வருகின்றன. போரின் பேரொலி ஓரிடத்தும் கேட்பதில்லை. நூலின் இறுதியில், அமைதலாயிருக்க முயலுமாறு தெசலோனிக்கே சபையார்க்குப் பவுல் அப்போஸ்தலர் கூறிய புத்திமதி நிற்கின்றது.

எழுவரைப் பறிகொடுத்த ஒருவர், வாளும் வெறுப்பும் நிறைந்த நாட்டில் வாழ்ந்துகொண்டு, இத்துணை அமைதியான நூலை எவ்வாறு எழுதினார்? துன்பத்தை மறந்தமையாலன்று, அளவறிந்து தாங்கும் வழி கண்டமையாலேயே என்பது எம் துணிபு. அவ்வழி யாதென்பதை அவர் நாண் முறுக்கக் கற்பிக்கும் பகுதியிற் காணலாம்.

மயிரும் நாணும்

இக்காலத்து நைலான் நாணோ, இடைக்காலத்துப் பட்டு நாணோ அன்று பெரும்பான்மை வழங்கவில்லை. குதிரையின் வால்மயிரை முறுக்கியே நாண் செய்தனர். ஒரு மயிர்த் துண்டின் நீளம் குதிரை வாலின் நீளத்தைக் கடத்தல் இயலாதாகலின், பல துண்டுகளை முடிந்து நீட்டல் வேண்டும்.

மயிரைத் தேருங்கால் உருண்டு திரண்டதும், தெளிவானதும், முடிச்சும் பொருக்கும் அற்றதும், பளிங்கு நிறத்ததுமாகத் தேர்க என்கின்றார் வால்ட்டனார். அத்தகைய மயிர் ஒன்று, ஒவ்வாத மயிர் மூன்றுக்கு ஈடாம் என்பது அவர் கணக்கு. ஒரே துண்டில் சேர்க்கும் மயிர்கள் பருமனில் ஒத்திருத்தல் வேண்டுமெனவும் வற்புறுத்துகின்றார். காரணம் எளிது. ஒவ்வாத மயிர்களை முறுக்கின், மீன் இழுக்கும்போது சுமை முழுதும் ஒன்றன்மேலேயே முதலில் விழும், அஃது அறும், பின் அடுத்தது அறும், இவ்வாறு ஒவ்வொன்றாக எல்லாம் அற்றுப்போம். ஒத்த மயிர்களோ சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொண்டு ஒருங்கே நிற்கும். முறுக்கிய நாணைக் கால் மணி நேரமேனும் நீரில் ஊறவிட்டு மீண்டும் முறுக்குக என்பதும் அவர் விதி. அங்ஙனம் செய்யாவிடின் ஆற்றில் நனைந்தபோது சில மயிர் சுருங்கிச் சில சுருங்காமல் ஒப்புமை கெடும். மீன் கண்டு அஞ்சாதவாறு நாணுக்குச் சாயமேற்றும் முறையையும் அவர் மறந்திலர். ஏல் என்னும் மதுவிற் புகைக்கரியும் அக்ரோட்டு இலைச்சாறும் சிறிது படிகாரமும் இட்டுக் காய்ச்சுதல் அம்முறையாம்.

படிப்போர்க்கு இவை அற்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆயின், வலிமை என்பது பொருளின் மிகுதியால் வருவதன்று, ஒப்புமையால் வருவது என்னும் உண்மை இவற்றுள் பொதிந்து கிடத்தல் காண்க.

கோலும் நாணும் ஒத்தல்

புழுவை இரையாகக் கோத்து எறிவோர்க்கு இரையின் எடையும் ஈயக் குண்டின் எடையும் துணை செய்யும். அவ்வெடையே நாணை இழுத்துச் செல்லும். ட்ரவுட் என்னும் மீனைப் பொய்யீயால் பிடிப்பார்க்கோ இத்துணை இல்லை. இறகும் பட்டும் முள்ளிற் கட்டிச் செய்யப்படும் பொய்யீக்கு எடை இல்லையென்றே கூறலாம். அதனைத் தனியே எறியின் கைக்கு முன்னேயே வீழ்ந்துவிடும். ஆகவே, ஈக்கலையில் ஈ நாணை இழுப்பதில்லை. நாணே ஈயைச் சுமந்து செல்கின்றது. எறியப்படும் பொருள் நாணேயாகலின், அதன் எடை கோலின் வளைவுக்குச் சரியாக அமைதல் வேண்டும். நாண் மிக இலேசாயின் கோல் வளையாது வெறுந்தடி போல் நிற்கும். மிகக் கனத்ததாயின் கோல் அளவின்றி வளைந்து நிமிர வலியற்றுப்போம். நாணும் சுருளாக நீரில் வீழ்ந்து மீனை வெருட்டும். இரண்டும் ஒத்தபோதோ, கோல் நாணால் வளைந்து, வளைந்ததால் ஆற்றல் பெற்று, அவ்வாற்றலை நாணுக்கே திருப்பித் தரும்.

இக்கலையில் தாம் வல்லுநரல்லர் என்பதை வால்ட்டனார் நன்கு உணர்ந்திருந்தார். அவர் கைதேர்ந்தது இரைத் தூண்டிலில். முதற் பதிப்பில் ஈயைப்பற்றி எழுதுங்கால், 1651-இல் தூண்டில் நூல் வெளியிட்ட தாமஸ் பார்க்கர் என்னும் சமையற் கலைஞர் அறிவித்தவற்றையே பெரிதும் தழுவி, அவர்க்கு நன்றியும் கூறினார். ஐந்தாம் பதிப்பு வெளிவருங் காலத்து அவர் வயது எண்பத்திரண்டு. புகழின் உச்சியிலிருந்த அம்முதியவர், தம்மினும் முப்பத்தேழு ஆண்டு இளையவராகிய சார்ல்ஸ் காட்டன் என்னும் நண்பரை வேண்டி, ஈக்கலையைப்பற்றிய இரண்டாம் பாகத்தை எழுதுவித்துத் தம் நூலோடு இணைத்தார். காட்டனோ ஏறத்தாழப் பத்து நாட்களில் அதனை எழுதி அனுப்பினார். தம் குறையை நிரப்பவல்ல இளைஞரைத் தேடித் தம் நூலிலேயே இடங்கொடுத்த ஆசிரியர் உலகில் சிலரே.

காட்டன் டவ் என்னும் தெளிந்த ஆற்றின் கரையில் வாழ்ந்த கவிஞர். அவர் கூறும் இலக்கணம் கணக்கன் ஏட்டைப்போல் நுட்பமானது. ட்ரவுட் ஆற்றுக்கு ஐந்து அல்லது ஆறு கெஜக் கோல் போதும்; ஆற்றின் அகலமே கோலின் நீளத்தை வரையறுக்கும். யார்க்ஷயர்க் கோல்களை அவர் சிறப்பித்துக் கூறுகின்றார். ஆறு முதல் பன்னிரண்டு துண்டுகளாகச் செய்து இணைக்கப்படும் அக்கோல்களில், கைப்பக்கத்துத் துண்டுகள் இலேசான ஃபர் மரத்தாலாயவை. நுனிப்பக்கம் வேறு மரம். அதனால் மிக நீண்ட கோலையும் ஒரு கையாலேயே ஆளலாம். எடையை எங்கே குறைத்து எங்கே வைப்பதென்பதை அக்காலத்துத் தச்சர் அறிந்திருந்தமை இதனால் விளங்கும்.

நாணுக்கு அவர் தரும் கணக்கு இன்னும் அழகியது. முள்ளை அடுத்த இரு துண்டுகள் இரண்டிரண்டு மயிரால் ஆகுக. அவற்றின்மேல் மூன்று துண்டுகள் மும்மூன்று மயிரால் ஆகுக. அடுத்த மூன்று துண்டுகள் நந்நான்கு மயிரால் ஆகுக. இவ்வாறே ஐந்து, ஆறு, ஏழு எனக் கோலின் நுனிவரை ஏறுக. அங்ஙனம் செய்யின் கைப்பிடி முதல் முள் வரை, கோலும் நாணும் ஒரே பொருள்போலப் படிப்படியாக மெலிந்து செல்லும். கை தந்த விசை பருத்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதிக்குத் தடையின்றிப் பாயும். நாண் நேரே விரிந்து ஈயைக் குறித்த இடத்தில் மெல்லென வைக்கும்.

அவ்விரண்டு மயிரைக் கொண்டு இருபது அங்குல ட்ரவுட்டைப் பிடிக்க மாட்டாதவன் தூண்டிற்காரனே அல்லன் என்பது காட்டனின் கொள்கை. மயிரின் வலிமையால் மட்டும் இது முடிவதன்று. மீன் இழுக்குந்தோறும் கோல் வளைந்து கொடுத்து அதிர்ச்சியை ஏற்கின்றது. நுனியிலுள்ள நொய்ய மயிர்மேல் தாங்கலாற்றாத சுமை விழுவதில்லை. வளையாத கோலாயின் முதலிழுப்பிலேயே நாண் அற்றுவிடும்.

உருளை

அக்காலத்து நாண் கோலின் நுனியில் கட்டப்பட்டிருந்தது. ஆகவே பெரிய மீன் பற்றி நேரே ஓடின், கோலும் நாணும் ஒரே கோடாகி, வளையும் ஆற்றல் இழந்து, நாண் அறும். அந்நிலையில் கோலையே ஆற்றில் எறிந்துவிட்டு, மீன் இழுத்திழுத்துக் களைத்தபின் மீட்டுக்கொள்ளுதல் வால்ட்டனாரின் வழக்கம். சால்மன் மீனுக்கு மட்டும் சிலர் கோல்நுனியில் கம்பி வளையம் அமைத்து அதனூடே நாணை ஓடவிட்டு, கைக்கருகே ஓர் உருளையில் சுற்றி வைத்தனர். இக்கருவியை வால்ட்டனார் குறிப்பிடுகின்றார். ஆயின் சொல்லால் விளக்குவதினும் நேரிற் பார்த்தறிதலே நன்றென்று கூறி விட்டுவிடுகின்றார். இன்று உலகெங்கும் வழங்கும் தூண்டில் உருளையைப்பற்றிய பழங்குறிப்புகளுள் அஃதொன்று.

பின்வந்த நூற்றாண்டுகளில் இக்கருவிகள் பெரிதும் மாறின. மயிர் நாண் போய்ப் பட்டு நாண் வந்தது. மரக்கோல் போய் மூங்கிற் பிளவுகளை ஒட்டிய கோல் வந்தது. 1874-இல் அமெரிக்கராகிய சார்ல்ஸ் ஆர்விஸ், பக்கங்களில் துளையிட்டுக் கனம் குறைத்த குறுகிய உருளைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பட்டு நாணின் பருமனை எழுத்துக்களால் குறித்தனர். டி என்பது 0.045 அங்குலம், எச் என்பது 0.025 அங்குலம் என வைத்து, நடு பருத்து இருமுனையும் மெலிந்த நாணை எச்-டி-எச் என்றனர். ஒரே பருமனுள்ள பட்டு நாண்கள் ஏறக்குறைய ஒரே எடையுள்ளவையாகலின் இக்குறியீடு பயன்பட்டது. பின்னர் நைலான் வந்தபோது குழப்பம் நேர்ந்தது. பருமன் ஒன்றாயினும் நைலான் பட்டினும் இலேசானது; அதே எழுத்துடைய நாணைக் கோல் உணரவில்லை. எனவே 1961-இல் அமெரிக்கத் தூண்டிற் கருவி செய்வோர் சங்கத்தார் பருமனைக் கைவிட்டு எடையையே அளவாகக் கொண்டனர். நாணின் முதல் 30 அடியின் எடை 140 கிரெயின், அஃதாவது ஏறத்தாழ 9 கிராம், ஆயின் 5-ஆம் எண். 160 கிரெயின் ஆயின் 6-ஆம் எண். 210 கிரெயின் ஆயின் 8-ஆம் எண். கோலின் மீதும் அதனதற்குரிய நாணின் எண் பொறிக்கப்படுகின்றது. அவ்வெண்ணுடைய நாணையும் அதன்பின் சுற்றவேண்டிய துணை நாணையும் கொள்ளுமாறு உருளை அமைகின்றது. உருளை மிக இலேசாயின் கோல்நுனி தாழ்ந்து மணிக்கட்டு சோரும். மிகக் கனத்ததாயின் எறியும் கை விரைவில் களைக்கும். பருமனை விடுத்து எடையை நோக்குக என்று இக்காலத்தார் கண்ட முறை, ஏழு மயிர் முதல் இரண்டு மயிர் வரை எண்ணிய காட்டனின் கணக்கிற்கு வழித்தோன்றலே.

குறைகள்

குறையைக் கூறாத வரலாறு நிறைவுடையதன்று. வால்ட்டனார் பிறர் நூல்களிலிருந்து நிரம்ப எடுத்தாண்டவர். பார்க்கர் முதலியோரைப் பெயர் சுட்டினார். ஆயின் 1577-இல் வெளிவந்த தூண்டில் நூலொன்றின் படி 1950-களில் கண்டெடுக்கப்பட்டபோது, அதன் உரையாடல் அமைப்பும் பாத்திரப் பெயர்களும் சில செய்திகளும் வால்ட்டனார் நூலில் வந்திருத்தல் புலனாயிற்று. அந்நூலை அவர் பெயர் சுட்டினாரல்லர். அக்காலத்தில் இவ்வழக்கம் பெருங்குற்றமாகக் கருதப்படவில்லையெனினும், குறை குறையே. ஹூக்கரின் மனைவியாரைக் கடுமொழியாளராக அவர் தீட்டிய சித்திரம் நியாயமன்றென்பதும் 1940-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

மற்றொன்று நம் உள்ளத்தைத் தைப்பது. உயிருள்ள தவளையை முள்ளிற் கோக்கும் முறையை விரித்துரைத்து, அதனை அன்போடு கையாளுமாறும் அவர் கூறுகின்றார். கவிஞர் பைரன் இக்கொடுமை குறித்து அவரைக் கடிந்து பாடினார். கொல்லாமையைப் பேரறமாகப் போற்றிய திருவள்ளுவர் வழிவந்த நமக்கு அப்பகுதி கசப்பதில் வியப்பில்லை. மென்மையே உருவான அப்பெரியார்க்கும் அவர் காலம் ஒரு கண்ணை மறைத்திருந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

இறுதி நாட்கள்

1660-இல் மன்னராட்சி மீண்டது. 1662-இல் ஆன் அம்மையார் இறந்து வூஸ்டர்ப் பேராலயத்தில் அடக்கம் பெற்றனர். அவ்வாண்டில் வின்செஸ்டர் அத்தியட்சராகிய ஜார்ஜ் மார்லி, கலகக் காலத்துத் தம் நண்பராகிய வால்ட்டனார்க்குத் தம் மாளிகையில் இடந்தந்தார். ஹூக்கர், ஹெர்பர்ட் வரலாறுகள் அம்முதுமைக் காலத்தில் எழுந்தவையே.

1674-இல் டவ் ஆற்றங்கரையில் காட்டன் ஒரு சிறு மீன்பிடி மனையைக் கட்டினார். அதன் வாயிலின்மேல் தம் பெயரின் முதலெழுத்துக்களையும் வால்ட்டனார் பெயரின் முதலெழுத்துக்களையும் பின்னிப் பொறித்தார். காட்டன் கடனில் உழன்றவர், களியாட்டத்தில் விருப்புடையவர். வால்ட்டனாரோ சிக்கனமும் தெய்வபக்தியும் உடையவர். இயல்பிலும் வயதிலும் இத்துணை வேறுபட்ட இருவர் எழுத்தும் கல்லில் பின்னிக் கிடத்தலை இன்றும் அம்மனையிற் காணலாம்.

1683-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், தொண்ணூறு வயது நிரம்பிய வால்ட்டனார் வின்செஸ்டரில், மருமகர் இல்லத்தில் உயிர் நீத்தார். அவ்வூர்ப் பேராலயத்தின் ஸில்க்ஸ்டீடு சிற்றாலயத்தில் அவர் உடல் அடங்கியுள்ளது. 1914-இல் இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு நாட்டுத் தூண்டிற்காரரும் சேர்ந்து அங்கே வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று அமைத்தனர். தம் பிறந்த ஊராகிய ஸ்டாஃபோர்டையும் அவர் மறந்திலர். ஊர்ச் சிறுவர் தொழில் பயிலவும், குளிர் மிகக் கொடிதாகும் ஜனவரி இறுதியில் ஏழைகள் நிலக்கரி பெறவும் தம் உயிலில் வழி வகுத்திருந்தார். தந்தையை இழந்து தொழில் பயில ஊர்விட்டுச் சென்ற சிறுவனை அத்தொண்ணூறு வயதுக் கிழவர் மறவாதிருந்தாரென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

முடிவுரை

மாணவ நண்பர்காள்! தூண்டிற்கலை நம்முட் பலர்க்கு வேண்டுவதன்று. ஆயின், தம் கைவலிமைக்கு மிஞ்சிய கோலை ஏந்துவோரையும், தம் கோலுக்குப் பொருந்தாத நாணைப் பூட்டி வருந்துவோரையும் கல்லூரி வாழ்வில் நாம் நாடோறும் காண்கின்றோம். பிறர் எடுத்த பாடத்தையே தாமும் எடுத்துத் தவிப்பாரும், தம்மினும் இளையார் அறிந்ததைக் கேட்டறிய நாணுவாரும் நம்மிடையே இலரோ? வால்ட்டனார் தம் அளவை அறிந்தார். அறியாததை அறிந்தார்பால் விடுத்தார். ஏற்க வேண்டியவிடத்து உயிர்க்கு இடையூறான சுமையையும் ஏற்றார். இரண்டு மயிரால் ஆன நாணும் பெருமீனை அறாது தாங்குதற்குக் காரணம் கோலின் வளைவே எனக் கண்டோம். எழுவரை இழந்த அவர்தம் வாழ்வு அறாது நின்றமைக்கும் நட்பு, தொழில், வழிபாடு என்னும் மூன்றும் அவ்வாறு வளைந்து சுமையைப் பகிர்ந்தமையே காரணமாதல் வேண்டும். அவர் நூல் நம் கல்லூரி நூல்நிலையத்தில் இருக்குமாயின், தேர்வு முடிந்த ஒரு மாலையில் அதனை எடுத்து நீரோரம் ஒன்றில் அமர்ந்து படிமின், விரைவின்றிப் படிமின்.